பரணில் உறங்கும் நம் வரலாறு



நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகளில் வாழும் நமக்கு, நாம் வாழும் வீடு சொந்தமானதன்று. பணியில் இருக்கும் வரை குடியிருப்போம். ஓய்வு பெற்றால் உரிய காலத்திற்குள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவோம். முப்பது ஆண்டுகளாக ஒரு வீட்டில் சேர்ந்த பொருள்கள் சில நாள்களில் மூன்றாகப் பிரிகின்றன. லாரியில் ஏறுபவை, பிறருக்குக் கொடுப்பவை, கழித்துவிடுபவை. பழைய நூல்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில்தான் சேர்கின்றன.

அண்மையில் நம் ஜமாஅத்தைச் சார்ந்த ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, பொருள்களைக் கட்டி வைக்க உதவியாக நாமும் சென்றிருந்தோம். பரணிலிருந்து இறக்கிய நூல்களுக்காக இரண்டு சாக்குகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. தமிழ் நூல்களும் இதழ்களும் முதற் சாக்கில் இடப்பட்டன. அது பழைய பேப்பர் கடைக்கு உரியது. கிழிந்த குர்ஆன் பிரதிகளும், யாசீன் கிதாபுகளும், அரபு எழுத்துள்ள ஏனைய தாள்கள் யாவும் இரண்டாம் சாக்கில் இடப்பட்டன; அவை கால்படாத இடத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட இருந்தன.

இரண்டாம் சாக்கில் அட்டையில்லாத தடித்த கிதாபு ஒன்று கிடந்தது. "உம்மாவுடைய கிதாபு. பக்கமெல்லாம் உதிர்கிறது. இதையும் சேர்த்து அடக்கிவிடலாம்" என்றார் வீட்டுக்காரர். கையில் எடுத்துப் பார்த்தோம். எழுத்து அரபு, மொழியோ தமிழ். அது ஓர் அறபுத் தமிழ் நூல். அதன் இறுதியில் இருந்த வெற்றுத் தாள்களில் மையால் எழுதிய குறிப்புகள் இருந்தன. அவையும் அறபுத் தமிழிலேயே. பிள்ளைகள் பிறந்த நாள்கள், வாப்பா நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறிய நாள், புயலில் வீட்டுக் கூரை பறந்த நாள் என வரிசையாக ஹிஜ்ரித் தேதிகள். பிறந்த சில நாள்களிலேயே மறைந்துபோன ஒரு மகளின் பெயரும் அதில் இருந்தது. தமக்கு அப்படி ஒரு தமக்கை இருந்ததை அவர் அன்றுதான் அறிந்தார்.

அவரைப் பெரிதும் அசைத்தது வேறொன்று. தம் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றே அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தார். அந்த அம்மையார் எல்லாப் படிவங்களிலும் கைநாட்டே வைத்தவர்; தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அவர் எழுதியிருக்கிறார், தம் குடும்பத்தின் வரலாற்றையே எழுதி வைத்திருக்கிறார். அதை வாசிக்க வீட்டில் எவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அந்தச் சான்று மண்ணுக்குள் போயிருக்கும்.

நம் வீடுகளில் உள்ள பழைய நூல்களைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவை வரலாற்றின் சாட்சிகள். சாட்சியை விசாரிக்காமல் அனுப்பிவிடுவது முறையன்று.

அந்தப் புயல் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் ஹிஜ்ரி 1372, ரபீஉல் அவ்வல் மாதம் என்றிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அது 1952 நவம்பர், டிசம்பர் மாதங்களோடு பொருந்துகிறது. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைப் பெரும்புயல் தாக்கியது அரசாங்கப் பதிவுகளில் உள்ள செய்தி. ஆக, அடுப்படியில் அமர்ந்து ஒரு பெண்மணி எழுதிய குறிப்பும் அரசாங்கப் பதிவும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. வரலாற்று ஆய்வு என்பது இதுவே. ஒரு செய்தியைச் சொல்பவர் யார், அவர் அந்தக் காலத்தவரா, வேறொரு சான்று அதற்குத் துணை நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே செல்வது. இது நமக்குப் புதிய கலையன்று. ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்டு உறுதி செய்வதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து ஷாம் நாட்டுக்குச் சென்றார்கள். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து செய்தியை எடைபோடும் கலையை வளர்த்த சமுதாயம் நம்முடையது. அத்தகைய நாம் நம் சொந்த வரலாற்றின் ஆதாரங்களை எடைக்குப் போடுவது எவ்வளவு பெரிய முரண்!

நூல் பிழைத்தால் என்ன நிகழும், அழிந்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்றுகள் உண்டு. பல்சந்தமாலை என்னும் பழைய நூல் ஒன்று இருந்தது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் பெயரைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆனால் இன்று கிடைப்பவை எட்டுப் பாடல்கள் மட்டுமே. அவையும் களவியற் காரிகை என்னும் இலக்கண நூலின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் பிழைத்தவை. மற்றொருவர் தம் நூலில் எடுத்து எழுதியிராவிட்டால், அப்படியொரு நூல் இருந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம். அந்நூலின் ஏடு எந்த வீட்டில் கடைசியாக இருந்தது, அதை யார் கழித்தார் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

இதற்கு நேர்மாறானது ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் 1572 ஆம் ஆண்டில் இயற்றிய இந்நூல், முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது என்று கருதப்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரோ சிலர் அதைப் படியெடுத்தும் பாதுகாத்தும் வந்தார்கள். அதன் பயன் என்ன? ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர், இதே ஆயிரம் கேள்விகளின் நூல் தமிழிலும் மலாயிலும் சாவக மொழியிலும் வழங்கிய வரலாற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து 2011 இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இஸ்லாம் பரவியதை அறிய விரும்பும் உலக அறிஞர்கள் இன்று தமிழையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்த ஏட்டைக் கைவிடாத பெயர் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள்.

இதழ்களுக்கும் இது பொருந்தும். கண்டியைச் சார்ந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1882 இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கினார்கள். 1885 இல் அவர்கள் எழுதிய அசன்பே சரித்திரம் தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. மகுதூம் சாயபு அவர்கள் 1887 இல் சிங்கப்பூரில் சிங்கை நேசன் இதழை வெளியிட்டார்கள். இவ்விதழ்கள் அந்நாளில் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்த தாள்கள்தாம். இன்றோ, கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்களின் வணிகம், கல்வி, கருத்து மோதல்கள் ஆகியவற்றை அறிய அவையே ஆதாரம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938 இல் வெளியிட்ட காதலா கடமையா என்னும் நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் அணிந்துரை வழங்கியிருக்கிறார். ஒரு முஸ்லிம் பெண்மணியின் முதல் நூலுக்குத் தமிழ்த் தாத்தாவே முன்வந்து எழுதினார் என்பதற்கு இன்றும் சான்றாக நிற்பது அந்நூலின் முகப்புப் பக்கங்களே. சமுதாயங்களுக்கிடையே இருந்த உறவைப் பற்றி ஆயிரம் மேடைப் பேச்சுகள் பேசலாம். அந்தப் பக்கத்தின் முன் அவை அனைத்தும் இலேசானவை.

பழைய நூல் அழிவதற்கு அலட்சியம் மட்டுமே காரணமன்று. பக்தியும் ஒரு காரணமாகிவிடுகிறது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய சுவடிகளைச் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேள்வியுற்று மனம் நொந்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் இதை அவர் பதிவு செய்திருக்கிறார். இட்டவர்கள் ஏட்டை இகழ்ந்தவர்கள் அல்லர், மதித்தவர்களே. நாமும் அதையே செய்கிறோம். கிழிந்த குர்ஆன் தாள்களைக் கண்ணியமாக அடக்கம் செய்வது மார்க்க அறிஞர்கள் காட்டிய வழி; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அரபு எழுத்தில் உள்ளவை எல்லாம் குர்ஆன் அல்ல. நம் முன்னோர் தமிழ் ஒலிகளுக்கு ஏற்ப அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அறபுத் தமிழ் எழுத்தை உருவாக்கினார்கள். அதில் சட்ட நூல்களும், தஃப்ஸீர்களும், பாடல்களும், மருத்துவக் குறிப்புகளும், கடிதங்களும் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதிய மஙானீ போன்ற நூல்கள் வழியாகவே நம் பாட்டிமார் தொழுகையின் சட்டங்களைக் கற்றார்கள். இரண்டு மூன்று தலைமுறைகளாக நாம் அவ்வெழுத்தை வாசிக்க மறந்துவிட்டதால், அந்நூல்களையும் குர்ஆன் தாள்களோடு சேர்த்து அடக்கிவிடுகிறோம். மரியாதையோடு செய்தாலும் அழிவு அழிவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை மறைக்காமல் பேசிவிடுவோம். "பழைய நூல்களில் மார்க்கத்திற்கு ஒவ்வாத செய்திகள் பல உள்ளன. மாலைகளையும் மவ்லிதுகளையும் வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?" என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நாம் மதிக்கிறோம். அக்கிதாபுகளின் கருத்துகளைப் பற்றி ஆலிம்களிடையே விவாதம் இருக்கலாம். அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் ஒரு நூலைப் பாதுகாப்பது வேறு. அதன்படி நடப்பது வேறு. அறியாமைக் கால அரபுக் கவிதைகளை நம் அறிஞர்கள் சேகரித்தார்கள், மனனம் செய்தார்கள், குர்ஆனின் சொற்பொருளை விளக்க மேற்கோளாகவும் கொண்டார்கள். அக்கவிதைகளின் நம்பிக்கையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எவரும் சொல்வதில்லை. நூறாண்டுக்கு முன் நம் ஊர்களில் மக்கள் என்ன ஓதினார்கள், எதை நம்பினார்கள், எதைச் சீர்திருத்த யார் போராடினார்கள் என்று அறிய வேண்டுமானால் இரு தரப்பு நூல்களும் இருந்தாக வேண்டும். பா. தாவூத் ஷா அவர்களின் தாருல் இஸ்லாம் இதழ் எதை எதிர்த்து எழுதியது என்பதை விளங்கிக்கொள்ளக்கூட, அந்த எதிர்க்கப்பட்ட நூல்கள் நமக்குத் தேவை.

மற்றொரு மறுப்பு, "நம் வீட்டில் இருப்பவை சாதாரண நூல்கள்தாமே; இவற்றால் யாருக்குப் பயன்?" என்பது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பிறர் சாதாரணம் என்று ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஒரு இலட்சம் எண்ணிக்கை கொண்ட அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அது வெளிநாட்டுக்குப் போகாமல் 1994 இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய வருவோர் அதன் படியேறாமல் இருப்பதில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செய்யத் தவறியதை, தூரிகை பிடித்து வாழ்ந்த ஒரு மனிதர் செய்து காட்டினார்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதை நினைத்து இன்றும் தமிழுலகம் வருந்துகிறது, வருந்தவும் வேண்டும். ஆனால் எவரும் தீ வைக்காமலே, நம் வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் சாக்குச் சாக்காக வெளியேறும் நூல்களுக்காக வருந்துவோர் யார்?

இதில் நமக்கொரு நேர்மையும் தேவை. நம் மேடைகளில் சமுதாயத்தின் பழம்பெருமை பற்றிப் பேசுவோர் பலர். அவற்றுள் உண்மையும் உண்டு. ஆதாரமற்ற புனைவும் உண்டு. எவரேனும் "எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் இராது. பழைய நூல்களைத் திறந்தால் நமக்கு உவப்பானவை மட்டுமே கிடைக்கும் என்று எண்ண வேண்டா. நமக்குள் நிகழ்ந்த பிணக்குகளும், பெண்கல்வியை எதிர்த்து எழுதியவர்களின் வாதங்களும், ஏழைகளை ஒதுக்கிய வழக்கங்களும் கிடைக்கும். அவற்றையும் ஏற்றுக்கொள்வதுதான் சாட்சியத்தை நிலைநாட்டுவது. நமக்கு எதிராகவே இருந்தாலும் உண்மையைச் சொல்லும்படி கற்பிக்கப்பட்டவர்கள் அல்லவா நாம்?

நெய்வேலிக்கு இது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். நம் ஊரில் நிறுவனம் தொடங்கப்பட்டது 1956 இல்தான். இங்கே நூறாண்டுப் பள்ளிவாசல்களின் கிதாபு அலமாரிகள் ஏது? உண்மைதான். ஆனால் இங்கு வந்து குடியேறியவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்தும், லால்பேட்டையிலிருந்தும், நாகூரிலிருந்தும், தென்மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்த குடும்பங்கள், பெட்டிகளில் சட்டி பானைகளோடு கிதாபுகளையும் கொண்டு வந்தன. பூர்வீக ஊரில் ஒரு நூல் வீட்டை விட்டுப் போகவில்லை என்றால் அடுத்த தலைமுறைக்கேனும் கண்ணில் படும். இங்கோ ஒரு தலைமுறையின் பணிக்காலமே நூலின் ஆயுள். வீடு காலியாகும் நாளே அதன் இறுதி நாள். ஆகவே நெய்வேலிவாசிகளுக்கு இக்கடமை மற்றவர்களைவிட அவசரமானது.

இவ்வூரின் கதையே நமக்கு ஒரு படிப்பினை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரும் துகள்கள் மேலே வந்தன. பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அது ஒரு கலங்கிய கிணறு. அவர் அதைப் பொருட்படுத்தி அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். அத்துகள்களே இன்று நம் வீடுகளில் விளக்காக எரிகின்றன. ஒரு பழந்தாளைப் பொருட்படுத்துவதும் இத்தகையதே.

ஆகவே நம் குடும்பங்களின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

நூல் எதையும் கழிக்கும் முன் திறந்து பாருங்கள். தலைப்புப் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, அச்சிடப் பொருளுதவி செய்தவர் பெயர் ஆகியவை இருக்கும். முன்னும் பின்னும் உள்ள வெற்றுத் தாள்களில் கையெழுத்துக் குறிப்புகள் இருக்கலாம். விளம்பரங்களும் விலைப்பட்டியலும்கூட வரலாறே. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் திகைக்க வேண்டா. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கியது என்பதை அடையாளமாகக் கொண்டு கணக்கிடலாம்.

அரபு எழுத்துள்ள தாள்களை அடக்கம் செய்யும் முன், அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒன்றரை நூற்றாண்டு கண்ட மதரஸா உள்ள லால்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் வீட்டு மூத்த பெண்மணிகளுள் சிலருக்கே அது தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உதிரும் தாளைப் பசைநாடாவால் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்து உருக்கி ஒட்டவும் வேண்டா. இரண்டுமே காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். ஈரமில்லாத இடத்தில், தூய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். இப்பணியை விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், பாட்டனாரின் பெயரை அச்செழுத்தில் காணும் மகிழ்ச்சி அவர்களுக்குக் கிட்டும்.

வைத்துக்கொள்ள இயலாதவர்கள் தக்க இடத்தில் ஒப்படையுங்கள். ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அரபு, பாரசீகச் சுவடிகளையும் பேணும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் சென்னையில் இருக்கிறது. பழைய நூல்களை மின்னுருவாக்கி எவரும் படிக்குமாறு வைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு, 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணையத் திட்டம் இருக்கிறது.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசலில் பூட்டுள்ள ஓர் அலமாரியும், அதனருகே ஒரு பதிவேடும் போதும். பணி ஓய்வு பெறும் ஒவ்வொருவரிடமும், "வீட்டைக் காலி செய்யும் முன் பழைய கிதாபுகளை ஒருமுறை இங்கே காட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். 1998 முதல் நம் நகரியத்தில் நடந்துவரும் புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று புதிய நூல்கள் வாங்கி வருகிறோம். மாஷா அல்லாஹ், நல்ல பழக்கம். புதியவற்றுக்கு இடம் செய்யப் பழையவற்றை எடைக்குப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் வற்புறுத்தலின் பேரில் அபூபக்ர் (ரலி) அவர்கள் அதை ஏட்டில் தொகுக்கப் பணித்தார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தொகுத்த அவ்வேடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க விரும்பியபோது அவர்களிடமிருந்தே பெற்றுத் திருப்பிக் கொடுத்தார்கள். இறைவேதத்தோடு எந்நூலையும் நாம் ஒப்பிடவில்லை. ஆயினும், ஒரு வீட்டில், ஒரு பெண்மணியின் பொறுப்பில் இருந்த ஏடுகள் ஓர் உம்மத்துக்கே பயன்பட்டன என்பதை நம் குடும்பங்கள் மறக்கலாகாது.

அந்த வீட்டுக்காரர் தம் தாயாரின் கிதாபை அடக்கம் செய்யவில்லை. துணியில் சுற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டே ஊருக்குப் புறப்பட்டார். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரை நாகூரில் தேடப் போவதாகச் சொன்னார். நம் பரணிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும். இன்றே இறக்கிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.